சிறிய தனியார் விமானத்திலிருந்து பரசூட்டில் குதிப்பது எவ்வளவு பாதுகாப்பானது?

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கும் என் மகன் தன்னுடைய முப்பதாவது பிறந்த நாளுக்குச் சிநேகிதர்களுடன் சேர்ந்து விமானத்திலிருந்து பரசூட்டில் குதிக்கப் போவதாகச் சொல்கிறான். பயிற்றுநர் ஒருவரோடு சேர்த்துக் கட்டித்தான் குதிக்க வைப்பார்களாம். அவன் அனுப்பிய காணொளியில் அந்த விமானம் மிகச் சிறியதாகவும் பழையதாகவும் இருக்கிறது. விமானியைத் தவிர வேறு எவருக்கும் இருக்கை இல்லை. எல்லோரும் தரையில் கால்களை மடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். பெயர் தெரிந்த விமான நிறுவனமும் இல்லை, ஒரு தனியார் கழகமாம். இது பாதுகாப்பானதா? நான் தடுக்கலாமா? (கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்)

பதில்:

அம்மா, இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் "பரசூட் விரியாவிட்டால் என்ன செய்வது?" என்றுதான் தொடங்குவார்கள். நீங்கள் விமானத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். இருபத்தாறு வருடம் வெளிநாடுகளில் சிறிய விமானங்களின் பராமரிப்புப் பணியில் இருந்துவிட்டு, இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓய்வாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பார்க்க வேண்டிய இடத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதற்காக மகனைத் தடுக்கச் சொல்ல மாட்டேன். பரசூட்டைப் பற்றி எல்லோரும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் அது திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு மிகவும் நம்பகமான பொருளாகிவிட்டது. அதை மேலே சுமந்து செல்லும் விமானத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவாக இருந்தபடியால், அந்தப் பக்கத்தில் இன்னும் சில ஓட்டைகள் அடைபடாமல் இருக்கின்றன.

பரசூட் பற்றிய பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கும் முறைக்கு டான்டம் என்று பெயர். அதில் உங்கள் மகன் ஒரு பயணி மாத்திரமே. பரசூட் பொதி முழுவதும் பயிற்றுநரின் முதுகில் இருக்கும். பொதிக்குள் இரண்டு பரசூட்டுகள் உண்டு. பிரதான பரசூட் சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றி விட்டுவிட்டு மாற்றுப் பரசூட்டை விரிப்பார்கள். கழற்றுவதற்கு ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து நிற்கும் மூன்று வளையங்களைக் கொண்ட ஒரு பொறி இருக்கிறது. 1970களில் அமெரிக்கரான பில் பூத் உருவாக்கிய அந்தப் பொறியில், எவ்வளவு பாரம் இழுத்தாலும் ஒரு கையால் கைப்பிடியை இழுத்து இரு தோள்களையும் விடுவித்துவிடலாம். மாற்றுப் பரசூட்டைக் கண்ட கண்டவர்கள் மடிக்க முடியாது. அமெரிக்க விதிப்படி, உரிமம் பெற்ற ஒருவர் 180 நாட்களுக்கு ஒரு தடவையாவது அதைப் பிரித்துப் பரிசோதித்து, மீண்டும் மடித்து, முத்திரையிட்டுக் கையொப்பம் வைக்க வேண்டும். இவற்றுக்கு மேலாக, பயிற்றுநரே மயங்கிப் போனாலும் மாற்றுப் பரசூட்டைத் தானாகவே விரித்துவிடும் கருவி ஒன்று பொதிக்குள் இருக்கும். 1991இல் ஜேர்மனியிலிருந்து சந்தைக்கு வந்த சைப்ரஸ் என்ற கருவிதான் இந்த வகையில் எல்லோரும் அறிந்தது. காற்றழுத்தத்தை அளந்து, உடல் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருக்கிறது என்று அது கண்டால், டான்டம் பொதிகளில் ஏறக்குறைய 1,900 அடி உயரத்தில் வேலை செய்யும். ஒரு பனையை நூறு அடி என்று வைத்தால் பத்தொன்பது பனை உயரம். மணிக்கு 190 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் விழும்போது அது பதினொரு விநாடித் தூரம்.

இவ்வளவும் சேர்ந்து என்ன செய்திருக்கின்றன என்பதைக் கணக்கில் காணலாம். அமெரிக்கப் பரசூட் சங்கம் ஆண்டுதோறும் மரணக் கணக்கை வெளியிடுகிறது. 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023இல் 36 இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். டான்டம் பயணிகளை மட்டும் எடுத்தால், பத்தாண்டுச் சராசரியில் ஐந்து இலட்சம் குதிப்புக்கு ஒரு மரணம். நம்முடைய வீதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கையில் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். சனத்தொகை ஏறக்குறைய 2 கோடி 20 இலட்சம். வகுத்துப் பார்த்தால், இந்த நாட்டில் சாதாரணமாக ஒருவர் ஒரு வாரகாலம் வீதியில் எதிர்கொள்ளும் ஆபத்தும் ஒரு டான்டம் குதிப்பின் ஆபத்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஏ-9 வீதியால் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும் பிள்ளையை நாங்கள் எவரும் தடுப்பதில்லை.

குதிப்பில் இறப்பவர்களில் கணிசமானோர் அனுபவசாலிகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரசூட் ஒழுங்காக விரிந்த பின்னர், தரைக்கு அருகில் வேகமாகத் திரும்பித் தரையை உரசிக்கொண்டு இறங்க முயன்று அடிபடுபவர்கள் அவர்கள். ஒரே வானத்தில் பலர் சேர்ந்து இறங்கும்போது ஒருவரின் பரசூட்டில் மற்றவர் மாட்டிக்கொள்வதும் உண்டு. 2024 ஜனவரியில் சுதந்திர தின ஒத்திகையின்போது காலிமுகத்திடலில் பரசூட்டுகள் சிக்கிப் படையினர் நால்வர் காயமடைந்தது இந்த வகை. உங்கள் மகன் இப்படியான வித்தைகள் எதையும் செய்யப் போவதில்லை.

இனித்தான் விடயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கில் விமானம் விழுந்து இறந்தவர்கள் சேர்க்கப்படுவதில்லை. அது குதிப்புகளின் கணக்கு; குதிக்க முன்னர் விமானத்தோடு போனவர்கள் விமான விபத்துக் கணக்கில் வருவார்கள். 2019ஆம் ஆண்டுக்கு அமெரிக்கப் பரசூட் சங்கம் குறித்த மரணங்கள் 15. அதே ஆண்டு ஜூன் 21ஆம் திகதி ஹவாயில் பரசூட் விமானம் ஒன்று புறப்பட்ட சில கணங்களில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அந்தப் பதினைந்துக்குள் இந்தப் பதினொருவர் இல்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2008இல் வெளியிட்ட விசேட அறிக்கையொன்றில், 1980 முதல் பரசூட் விமானங்களின் 32 விபத்துகளில் 172 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு ஆறு பேர். அனுபவசாலிகளின் வித்தைகளால் வரும் மரணங்களை ஒதுக்கிவிட்டால், முதல் தடவையாகக் குதிக்கப் போகும் ஒரு சாதாரண பயணியின் ஆபத்தில் விமானத்தின் பங்கு சிறியதல்ல என்பது விளங்கும்.

ஹவாயில் விழுந்த அந்த விமானத்தின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விடயம் முழுவதும் அந்த ஒரு விமானத்துக்குள் அடங்கியிருக்கிறது. அது இரட்டை என்ஜின் கொண்ட கிங் எயார். 2016இல் அதே விமானம் கலிபோர்னியாவில் 14 பேரை ஏற்றிக்கொண்டு மேலே போனபோது கட்டுப்பாட்டை இழந்து சுழன்று, வால் பகுதியில் ஒரு துண்டு முறிந்து போனது. ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் இருந்தபடியால் 14 பேரும் குதித்துத் தப்பினார்கள். விமானியும் முறிந்த வாலோடு விமானத்தைத் தரையிறக்கிவிட்டார். விமானத்தைத் திருத்தினார்கள், ஆனால் இடது இறக்கையில் ஏற்பட்டிருந்த முறுக்கம் கண்டுபிடிக்கப்படவும் இல்லை, திருத்தப்படவும் இல்லை. மூன்று வருடங்களுக்குப் பின்னர் ஹவாயில் விமானி புறப்பட்ட உடனேயே விமானத்தைக் கடுமையாகத் திருப்பி மேலேற்ற முயன்றபோது அது தூக்குவிசையை இழந்து கவிழ்ந்தது. பின்பக்கப் பாரம் எல்லைக்கு அருகில் இருந்தது, விமானிக்கு அந்த நிலைமைக்குரிய பயிற்சி இல்லை, பராமரிப்புப் போதாது, அரசின் கண்காணிப்பும் போதாது என்று விசாரணை முடிவு சொன்னது. விமானியைத் தவிர உள்ளே இருந்த பத்துப் பேரும் குதிப்பதற்காகப் போனவர்கள். ஒருவராலும் வெளியே வர முடியவில்லை. முதல் தடவை அதே விமானத்தில் பரசூட் எல்லோரையும் காப்பாற்றியது. இரண்டாம் தடவை ஒருவரையும் காப்பாற்றவில்லை. உயரம் ஒன்றுதான் வித்தியாசம்.

ஆகவே "விமானம் பழுதானால் என்ன, முதுகில் பரசூட் இருக்கிறதுதானே" என்று மகன் சொன்னால், அந்தப் பேச்சு ஆறாயிரம் அடிக்கு மேலே சரி, ஐந்நூறு அடியில் பிழை என்று சொல்லுங்கள். தரையிலிருந்து முதல் ஆயிரம் அடிக்குள் என்ஜின் நின்றால் எல்லோரும் விமானத்தோடுதான் இறங்க வேண்டும். டான்டம் பயணிக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அவரைப் பயிற்றுநரோடு நான்கு இடங்களில் கொக்கி மாட்டி இறுக்குவதற்கே நேரம் வேண்டும்.

இந்த முதல் ஆயிரம் அடியில் அவரைக் காப்பது இருக்கைப்பட்டி. இருக்கை இல்லையே என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். இருக்கைகளைக் கழற்றுவது முறைப்படி அனுமதிக்கப்பட்ட மாற்றம், முதுகில் பொதியோடு இருக்கையில் அமரவும் முடியாது. ஆனால் தரையில் இருப்பவருக்கும் பட்டி இருக்க வேண்டும், விமானம் ஓடத் தொடங்க முன்னரே அதை மாட்ட வேண்டும், ஏறக்குறைய 1,500 அடி தாண்டும்வரை கழற்றக் கூடாது. 1992 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பெரிஸ் என்ற இடத்தில் ட்வின் ஒட்டர் விமானமொன்று புறப்பட்டதும் விழுந்து, உள்ளே இருந்த 22 பேரில் 16 பேர் இறந்தார்கள். எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தது. பட்டி கட்டாமல் இருந்தவர்கள் அடிபடும் நேரத்தில் ஒருவர்மேல் ஒருவராக வீசப்பட்டார்கள். பரசூட்காரரிடையே பட்டி கட்டும் பழக்கம் வேரூன்றியது அதற்குப் பிறகுதான். ஒரு பக்கத்தில் மட்டும் மாட்டும் பட்டியைவிட இரு பக்கமும் மாட்டும் பட்டி உடலை நன்றாகப் பிடித்து வைக்கும். நான் வேலை செய்த இடமொன்றுக்கு ஆண்டுப் பரிசோதனைக்காக வந்த ஒரு பரசூட் விமானத்தில், பட்டிகளை எல்லாம் சுருட்டித் தரைவிரிப்புக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். கேட்டபோது, குதிக்கும்போது காலில் தடக்குகிறது என்றார்கள். பட்டிகளைத் திரும்பப் பூட்டும்வரை நான் கையொப்பம் வைக்கவில்லை. அதற்காக என்னோடு மனஸ்தாபப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

விமானம் பழையது என்பதைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம். உங்கள் மகனின் காணொளியில் இருப்பது அநேகமாகச் செஸ்னா 182 ஆக இருக்கலாம். விமானியோடு நான்கு பேர் குதிக்கப் போகலாம். அந்த வகை 1956இல் வந்தது, ஐம்பது வருடம் பறந்த விமானங்களும் இன்று நல்ல நிலையில் இருக்கின்றன. மோட்டார் காரைப் போல வயதை வைத்து விமானத்தை மதிப்பிடுவதில்லை. எத்தனை மணித்தியாலம் பறந்தது, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, யார் கையொப்பம் வைத்தார் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். ஒழுங்காகப் பராமரித்த கிழட்டு விமானத்தில் நான் என் பேரப்பிள்ளையை ஏற்றுவேன்; பதிவேடு சரியில்லாத புது விமானத்தில் ஏற்ற மாட்டேன்.

ஆனால் பரசூட் விமானத்தின் வேலை கடினமானது. பெரிய பயணிகள் விமானம் ஒரு தடவை ஏறி மணிக்கணக்காக நிதானமாகப் பறக்கும். பரசூட் விமானமோ முழுப் பலத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம் மெதுவாக ஏறி, ஆட்களை இறக்கிவிட்டு, என்ஜினைத் தணித்துச் சரிந்து கீழே வந்து, அடுத்த குழுவை ஏற்றிக்கொண்டு மீண்டும் ஏறும். விடுமுறை நாளொன்றில் இதையே காலையிலிருந்து பொழுதுபடும்வரை செய்யும். கொதித்த தாச்சியில் தண்ணீர் தெளிப்பது போலச் சூடான சிலிண்டர்மேல் திடீரெனக் குளிர்காற்று அடிக்கிறது. இதனால் மட்டும் சிலிண்டரில் வெடிப்பு, அதாவது கீறல், விழுமா என்பதில் எங்கள் தொழில்காரரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பரசூட் விமானங்களின் சிலிண்டர் தலைகளில் மற்ற விமானங்களைவிட அதிகமான வெடிப்புகளை என் கண்ணால் கண்டிருக்கிறேன். எரிபொருளும் அப்படித்தான். பாரத்தைக் குறைப்பதற்காக இரண்டு, மூன்று தடவை ஏறுவதற்குப் போதுமான அளவை மட்டும் நிரப்புவார்கள். அவசரத்தில் ஒரு கணக்குப் பிழைத்தால் மேலே என்ஜின் நின்றுவிடும். எரிபொருள் தீர்ந்து விழுந்த பரசூட் விமானங்கள் உண்டு. பறப்பதற்கு முந்திய பரிசோதனையில் காட்டும் அலட்சியத்தை 2008 அறிக்கையும் குறை சொன்னது.

அடுத்தது பாரச் சமநிலை. இதை விளக்க நயினாதீவுப் படகைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. குறிகட்டுவானில் படகு கரையை நெருங்கும்போது எல்லோரும் இறங்கும் அவசரத்தில் ஒரு பக்கத்துக்கு எழும்பினால் படகோட்டி சத்தம் போடுவார். விமானத்திலும் கதவு பின்பக்கத்தில் இருந்தால், குதிக்கும் நேரத்தில் எல்லோரும் அங்கே குவிவார்கள்; வால் பாரமாகி மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், இறக்கையின் தூக்குவிசை போய்விடும். படகில் என்றால் நனைவோம். 2019 ஜூலை 14ஆம் திகதி சுவீடனின் ஊமியோ நகருக்கு அருகில் ஜி.ஏ.8 வகைச் சிறிய விமானம் ஒன்று பின்பக்கப் பாரத்தோடு மேகத்துக்குள் கட்டுப்பாட்டை இழந்தது. செங்குத்தாக விழும் வேகத்தில் அது வானத்திலேயே உடைந்தது. விமானியும் எட்டுப் பரசூட்காரரும் இறந்தார்கள். உயரம் போதுமாக இருந்தும், சுழலும் விமானம் அவர்களைச் சுவரோடு அழுத்தியபடியால் கதவுக்கு வர முடியவில்லை. எத்தனை பேர் எந்த ஒழுங்கில் எங்கே இருக்க வேண்டும் என்பதை எழுதி வைத்து, ஆட்களின் நிறையை உண்மையாகவே நிறுத்துப் பார்க்கும் கழகத்தை நான் நம்புவேன். உங்கள் மகனைத் தராசில் ஏறச் சொன்னால் வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் "தனியார்" என்று எழுதிய சொல்லுக்கும் இங்கே ஒரு பொருள் இருக்கிறது. சென்னைக்குப் பலாலியிலிருந்து நீங்கள் ஏறும் விமானமும் தனியார் நிறுவனத்தினுடையதாக இருக்கலாம். வித்தியாசம் உடைமையில் இல்லை, எந்த விதியின்கீழ் பறக்கிறது என்பதில் இருக்கிறது. கால அட்டவணைப்படி பயணிகளை ஏற்றும் சேவைக்கு விமானியின் வேலை நேரம், பயிற்சி, பராமரிப்பு, அரச பரிசோதகரின் வருகை எல்லாவற்றுக்கும் இறுக்கமான சட்டம் உண்டு. அமெரிக்காவில் பரசூட் விமானம், ஒருவர் தன் சொந்த விமானத்தைத் தான் ஓட்டுவதற்குரிய பொது விதிகளின்கீழேயே பெரும்பாலும் பறக்கிறது, ஏறுபவர் காசு கொடுத்திருந்தாலும். என்ஜினைத் தயாரித்தவர் இத்தனை மணித்தியாலத்தில் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று சொன்னாலும், அந்த விதிகளின்கீழ் அது பரிந்துரை மாத்திரமே. ஹவாய் விபத்துக்குப் பின்னர் பாதுகாப்புச் சபை அரசைக் குறை சொன்னதும் இதைத்தான். கனடாவின் சட்டம் வேறு சட்டம். ஆயினும் பொதுவாக எந்த நாட்டிலும் பயணிகள் சேவைக்குரிய அளவு கண்காணிப்பு ஒரு கழகத்தின் சிறிய விமானத்துக்குக் கிடைப்பதில்லை. சுருங்கச் சொன்னால் பஸ்ஸுக்கும் ஊரில் பிடிக்கும் ஹயஸ் வானுக்கும் உள்ள வித்தியாசம். எல்லா ஹயஸும் கூடாதவை இல்லை. ஆனால் சாரதி யார், ரயர் எப்படி என்று நாங்களே பார்த்து ஏற வேண்டியிருக்கிறது.

சாரதி என்றதும் விமானி ஞாபகம் வருகிறார். பரசூட் விமானம் ஓட்டுவது பல இளம் விமானிகளுக்கு முதல் உத்தியோகம். பெரிய நிறுவனத்தில் சேரத் தேவையான மணித்தியாலங்களைச் சேர்ப்பதற்காக வருகிறார்கள். அமெரிக்காவில் 250 மணித்தியாலம் பறந்தவர் வணிக உரிமம் பெறலாம். இளமை குற்றமில்லை. அவருக்கு அந்த வகை விமானத்தில், அந்த வகைப் பாரத்தோடு, கதவு திறந்த நிலையில் பயிற்சி கொடுத்தார்களா என்பதே கேள்வி. நல்ல விமானியும் நல்ல ஒழுங்கும் இருந்தால் எவ்வளவு மோசமான நிலைமையிலும் தப்பலாம் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லலாம். 2013 நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் இரண்டு செஸ்னாக்கள் ஒன்றாக மேலேறி, குதிக்கும் தறுவாயில் மோதிக்கொண்டன. ஒன்று தீப்பற்றி உடைந்தது. ஒன்பது பரசூட்காரரும் இரண்டு விமானிகளும் உயிர் தப்பினார்கள். உடைந்த விமானத்தின் விமானியும் அவசரப் பரசூட் அணிந்திருந்தார். 2025 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கதவருகே நின்ற ஒருவரின் மாற்றுப் பரசூட் கைப்பிடி இறக்கையின் பின்மடிப்பில் மாட்டி, பரசூட் அந்த இடத்திலேயே விரிந்து, அவர் விமானத்தின் வாலில் தொங்கினார். தன்னிடமிருந்த சிறிய கொக்கிக் கத்தியால் கயிறுகளை அறுத்துக்கொண்டு விழுந்து, பிரதான பரசூட்டில் இறங்கினார். அடிபட்ட வாலோடு விமானியும் விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கத்தி விலையுயர்ந்த பொருள் ஒன்றுமில்லை.

காற்றையும் தண்ணீரையும் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். 1967 ஓகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், தனியாருக்குச் சொந்தமான பழைய பி-25 குண்டுவீச்சு விமானமொன்றிலிருந்து மேகத்துக்கு மேலே நின்று குதித்தவர்கள், மேகத்தைத் தாண்டியபோது கீழே தரைக்குப் பதிலாக ஈரி ஏரியைக் கண்டார்கள். வானூர்திக் கட்டுப்பாட்டு நிலையம் வேறொரு விமானத்தை இதுவென்று எண்ணி இடத்தைப் பிழையாகச் சொல்லியிருந்தது. 16 பேர் மூழ்கி இறந்தார்கள். பரசூட் எல்லோருக்கும் விரிந்திருந்தது. மேகத்துக்கூடாகக் குதிக்கக் கூடாது, தண்ணீருக்கு அருகில் குதித்தால் மிதவை அங்கி வேண்டும் என்ற விதிகளுக்குப் பின்னால் இப்படியான மரணங்கள் இருக்கின்றன. ரொறன்ரோவும் ஒரு பெரிய ஏரியின் கரையில்தான் இருக்கிறது. குதிக்கும் இடம் கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். உள்நாட்டில் வயல்வெளி நடுவே இருந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

இங்கேயும் ஒரு நாள் இது வருமா என்று சில இளைஞர்கள் என்னிடம் கேட்டதுண்டு. சட்டப்படி அது சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதியோடு நடக்க வேண்டிய விடயம். நிலத்தைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணம் இதற்கு இலகுவான இடமில்லை என்பது என் அபிப்பிராயம். மூன்று பக்கமும் கடல், நடுவே களப்பு, மிச்ச இடத்தில் பனையும் மின்கம்பியும் கிணறும் வேலியும். சோழகம் பெயர்ந்த நாட்களில் தரையிலேயே நிற்க முடியாது. காற்றின் பலத்தைப் பற்றிச் சந்தேகப்படுபவர்கள், 2021 டிசம்பரில் பருத்தித்துறையில் பட்டக் கயிற்றை விடாமல் பிடித்திருந்த இளைஞர் பல அடி உயரத்துக்குத் தூக்கப்பட்ட காணொளியை இன்னொரு தடவை பார்க்கலாம். பரசூட் துணியும் காற்றுக்கு ஒரு பட்டந்தான். அதனால் காற்று மிஞ்சிய நாளில் "இன்று வேண்டாம், வேறொரு நாள் வாருங்கள்" என்று காசு வாங்கிய பின்னரும் சொல்லக்கூடிய கழகமே நல்ல கழகம். மகன் அங்கே போய் நான்கு மணித்தியாலம் காத்திருந்துவிட்டுக் குதிக்காமல் திரும்பி வந்தால், அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் அங்கே கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கழகம் கனடிய விளையாட்டுப் பரசூட் சங்கத்தில் உறுப்பினரா என்று கேட்கட்டும். பயிற்றுநர் எத்தனை தடவை குதித்தவர், டான்டம் முறையில் எத்தனை தடவை என்று கேட்கட்டும். அமெரிக்கச் சங்கம் டான்டம் பயிற்றுநருக்கு ஆகக்குறைந்தது 500 குதிப்பும் மூன்று வருட அனுபவமும் கேட்கிறது, நல்ல இடங்களில் ஆயிரக்கணக்கில் குதித்தவர்கள் இருப்பார்கள். மாற்றுப் பரசூட் கடைசியாக எப்போது மடிக்கப்பட்டது என்ற சீட்டைக் காட்டச் சொல்லலாம், அது பொதியிலேயே இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னர், என்ஜின் கீழே வைத்து நின்றால் நான் என்ன செய்ய வேண்டும், எந்த உயரத்தில் என்னைக் கொக்கி மாட்டுவீர்கள், என்னுடைய பட்டி எங்கே என்ற மூன்று கேள்விகளையும் கேட்கட்டும். ஒழுங்கான இடத்தில் கேட்க முன்னரே சொல்லித் தருவார்கள். சிரித்து மழுப்பினால் காசு போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்துவிடச் சொல்லுங்கள். முதுகுவலி, நெஞ்சு நோய், அண்மையில் செய்த சத்திரசிகிச்சை ஏதும் இருந்தால் மறைக்கக் கூடாது; சளி பிடித்திருந்தால் காது வலிக்கும், அன்று தவிர்ப்பது நல்லது.

இன்னொன்று, அவனோடு பார்க்கப் போகிறவர்களுக்கு. நேரத்தை மிச்சம் பிடிக்க என்ஜினை நிறுத்தாமலே ஆட்களை ஏற்றுவார்கள். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. படம் எடுக்கிற ஆசையில் விமானத்தின் முன்பக்கத்தால் எவரும் போகக் கூடாது. பின்பக்கத்தால், கூட்டிச் செல்பவரோடு மாத்திரம் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்திருக்க வேண்டும்.

தடுக்கலாமா என்று கேட்டீர்கள். முப்பது வயது மகனைக் கோண்டாவிலிலிருந்து தடுக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். நானே ஒரு தடவை குதித்திருக்கிறேன், ஐம்பத்திரண்டு வயதில், நான் கையொப்பம் வைத்த விமானத்திலிருந்து. அந்தக் காணொளியில் விமானத்தின் பக்கத்தில் பெரிய எழுத்துகளில் ஒரு பதிவு அடையாளம் தெரியும். கனடிய விமானமென்றால் அது சி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். கனடாவின் விமானப் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். அதில் விமானத்தின் வகையும் உரிமையாளரும் இருக்கும். முன்னர் விபத்து நடந்திருந்தால் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் பதிவுகளிலும் தேடலாம். அந்த எழுத்துகளை மகனிடம் கேட்டு எழுதி அனுப்பினீர்கள் என்றால், நான் பார்த்துச் சொல்கிறேன்.